உதவும் கைகளுக்கும் ஓய்வு வேண்டும்
குடும்பத்தையும் மற்றவர்களையும் கவனித்துக்கொள்ளும் மூத்தோருக்கான வழிகாட்டி

காலை ஐந்தரை மணி. மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்புவதற்குள் எழுந்து சமைக்கிறீர்கள். பேரப்பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, வரும் வழியில் சந்தைக்குப் போகிறீர்கள். பதினொரு மணிக்கு எதிர்வீட்டு அம்மாவுக்குத் துணையாகப் பலதுறை மருந்தகம். பிறகு பேரனைக் கூப்பிட்டு வர வேண்டும். மாலையில் கணவருக்குக் கால் நீவிவிட்டு, இரவுச் சாப்பாடும் மாத்திரையும் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் கோயிலில் அன்னதான வேலையும் உண்டு. படுக்கும்போது மணி பதினொன்று. காலையில் நீங்கள் சாப்பிட வேண்டிய மாத்திரையைச் சாப்பிட்டீர்களா என்பது நினைவில் இல்லை.

இதில் ஒரு பகுதியாவது உங்கள் வீட்டில் நடப்பதுபோல் இருந்தால், இந்தக் கையேடு உங்களுக்காகத்தான். நீங்கள் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாலும், நோயுற்ற துணைவரைக் கவனித்தாலும், அக்கம்பக்கத்தாருக்குத் தொண்டூழியம் செய்தாலும் இது பொருந்தும்.

உதவுவது உங்களுக்கும் நல்லது

மற்றவர்களுக்கு உதவும் பழக்கத்தை விட்டுவிடும்படி நாங்கள் சொல்லவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். "நான் வருவேன் என்று ஒருவர் காத்திருக்கிறார்" என்ற எண்ணம் மனத்துக்குத் தெம்பு தருகிறது. வெளியே போகிறீர்கள், நடக்கிறீர்கள், நாலு பேரிடம் பேசுகிறீர்கள். தனிமை குறைகிறது. மூளைக்கும் வேலை கிடைக்கிறது.

ஆனால் உதவி செய்வதற்கும் ஓர் அளவு உண்டு. மருந்து நல்லது என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. உதவியும் அப்படித்தான். உங்கள் தூக்கம், சாப்பாடு, மருந்து, மனமகிழ்ச்சி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போகும் உதவி நாளடைவில் உங்களையே நோயாளி ஆக்கிவிடும். அப்போது உங்களை நம்பி இருப்பவர்களும் சிரமப்படுவார்கள்.

உதவி சுமையாகிவிட்டதா? நீங்களே பாருங்கள்

கீழே உள்ள கேள்விகளுக்கு மனத்தில் பதில் சொல்லுங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.

• கடந்த மூன்று மாதங்களில், மற்றவர்களுக்கு வேலை இருந்ததால் உங்கள் மருத்துவச் சந்திப்பைத் தள்ளிப்போட்டீர்களா?
• முழங்கால் வலியையோ தலைச்சுற்றலையோ பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைக்கிறீர்களா?
• களைப்பாக இருந்தும் இரவில் தூக்கம் வராமல் புரள்கிறீர்களா?
• சின்ன விஷயத்துக்குக்கூடப் பேரப்பிள்ளை மீதோ துணைவர் மீதோ எரிந்து விழுந்துவிட்டுப் பிறகு வருந்துகிறீர்களா?
• முன்பு விரும்பிச் செய்த ஒன்றை, பாட்டுக் கேட்பதையோ நண்பர்களைப் பார்ப்பதையோ, நிறுத்திப் பல மாதங்கள் ஆகிவிட்டனவா?
• உட்கார்ந்து ஓய்வெடுத்தால் குற்றம் செய்வதுபோல் தோன்றுகிறதா?
• "நான் இல்லாவிட்டால் இங்கே எதுவும் நடக்காது" என்று அடிக்கடி நினைக்கிறீர்களா?

மூன்றுக்கு மேல் "ஆமாம்" என்றால் உங்கள் நாளில் மாற்றம் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வோ எதிலும் ஆர்வமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாள்களில் நீடித்தால், அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

"என்னை நான் கவனித்தால் அது சுயநலம் இல்லையா?"

நம்மில் பலர் இந்தக் கேள்வியோடுதான் வளர்ந்திருக்கிறோம். அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டார். அப்பா துறைமுகத்திலோ கட்டுமானத் தளத்திலோ வேலை செய்து, சம்பளத்தைப் பிரிக்காமல் வீட்டில் கொடுத்தார். அவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, நமக்கென்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வது கூச்சமாக இருக்கிறது.

ஆனால் இன்று நாம் நம் பெற்றோரைவிட நீண்ட காலம் வாழ்கிறோம். அறுபது வயதுக்குப் பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கக்கூடும். அத்தனை ஆண்டுகளையும் கடமையால் மட்டும் நிரப்ப முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கடமைகள் ஒருநாள் முடியும். பேரப்பிள்ளை தொடக்கப்பள்ளிக்குப் போய், பிறகு தானே பேருந்தில் போகத் தொடங்கும். பிள்ளைகள் வேறு வட்டாரத்துக்கு வீடு மாறுவார்கள். நீங்கள் கவனித்துக்கொள்ளும் துணைவர் ஒருநாள் உங்களைவிட்டுப் பிரியவும் கூடும். வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பொறுப்பைச் சுற்றியே இருந்தால், அது முடிந்த மறுநாள் காலை என்ன செய்வது என்றே தெரியாமல் போகும். நண்பர்களையும் விருப்பங்களையும் இப்போதே உயிரோடு வைத்திருப்பது அந்த நாளுக்கான சேமிப்பு.

முதலில் உடம்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

யார் என்ன கேட்டாலும், கீழே உள்ளவற்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மருந்தும் மருத்துவச் சந்திப்பும். உங்கள் மருத்துவச் சந்திப்பு நாளை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதுங்கள். அன்றைக்குப் பேரனைக் கூப்பிட்டு வர வேறொருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். 'மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி' திட்டத்தில் உங்களுக்கென ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுத்திருந்தால், வீட்டில் உங்களுக்கு உள்ள பொறுப்புகளையும் அவரிடம் சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பாடு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சீனி கலந்த தண்ணீரோ அரைக் குவளை இனிப்புப் பானமோ குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். நினைவு தப்பினால் வீட்டில் உள்ளவர்கள் வாயில் எதையும் ஊற்றாமல் 995 எண்ணை அழைக்க வேண்டும்.

தூக்கம். பெரும்பாலான மூத்தோருக்கு இரவில் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் களைத்தால் அரைமணி நேரம் படுக்கலாம். அதற்கு மேல் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும்.

உடற்பயிற்சி. "நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு வேலையும் உடம்பை அசைக்கும், நல்லதுதான். ஆனால் விழாமல் இருக்கக் கால் தசைகளுக்கு வலுவும், உடலுக்குச் சமநிலையும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது, சற்றே மூச்சு வாங்கும் அளவுக்கு, வேகமாக நடப்பது போன்ற பயிற்சி செய்யுங்கள். வாரத்தில் மூன்று நாள்கள் தசை வலுவுக்கும் சமநிலைக்கும் உரிய பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது ஆகியவற்றில் தொடங்கலாம்.

தடுப்பூசி. சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்குச் சளியும் காய்ச்சலும் எளிதில் தொற்றும். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. நுரையீரல் அழற்சிக்கான தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் வாரத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு நாளும் பிறருக்காகச் செய்தவற்றை நீல மையால் எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்ததால் செய்தவற்றைச் சிவப்பு மையால் எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தமிழ் எழுதிப் பழகியதாகவும் இருக்கும்.

வாரக் கடைசியில் தாளைப் பாருங்கள். முழுவதும் நீலமாக இருந்தால், அடுத்த வாரம் ஒரே ஒரு கட்டத்தில் சிவப்பு வரும்படி செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். சில வேலைகள் இரண்டு நிறத்திலும் வரும். பேத்தியோடு கதை பேசிக்கொண்டே நடப்பது உதவியும்தான், மகிழ்ச்சியும்தான். அப்படிப்பட்டவற்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறத்திலும் எழுத மனம் வராமல், "போயும் ஆக வேண்டியிருக்கிறதே" என்று சலிப்போடு செய்பவற்றைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

அன்றாட மகிழ்ச்சிக்குப் பெரிய செலவு வேண்டாம்

"எல்லா வேலையும் முடிந்த பிறகு ஓய்வு" என்று நினைத்தால் அந்த ஓய்வு வரவே வராது. வீட்டு வேலைக்கு முடிவு ஏது? மகிழ்ச்சிக்கு நாளின் நடுவிலேயே நேரம் ஒதுக்குங்கள்.

• காலையில் எல்லாரும் கிளம்பிய பிறகு, பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன், பத்து நிமிடம் உட்கார்ந்து சூடாகத் தேநீர் குடியுங்கள். ஆறிப்போன தேநீரை நின்றுகொண்டே குடிக்காதீர்கள்.
• ஒலி 96.8 வானொலியில் பழைய பாடல் வரும்போது கூடவே பாடுங்கள்.
• வாரத்தில் ஒருநாள் நண்பர்களோடு கோப்பிக்கடையில் சந்திப்பு. பேச்சு நீளட்டும், பானத்தில் சீனி குறையட்டும்.
• தாழ்வாரத்தில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலையோ துளசியோ வளருங்கள். நடைபாதையை அடைக்காமலும் தட்டில் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கிக் கொசு அதில்தான் பெருகும்.
• தேக்காவுக்கோ பூமலைக்கோ போய் வாருங்கள். எதையும் வாங்கி வர வேண்டும் என்ற பட்டியல் இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்.
• நூலகத்தில் தமிழ் நூல் பகுதிக்குச் செல்லுங்கள். படிக்கக் கண் ஒத்துழைக்காவிட்டால் பெரிய எழுத்துள்ள நூல்களைக் கேளுங்கள்.

மனம் நோகாமல் "முடியாது" என்று சொல்வது எப்படி?

நேரடியாக "முடியாது" என்று சொல்ல நமக்கு நா எழாது. அதனால் முடியாதபோதும் தலையாட்டிவிட்டு, பிறகு மனத்துக்குள் புழுங்குகிறோம். எது முடியாது என்பதோடு எது முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எளிதாக இருக்கும்.

மகளிடம்: "செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு உடற்பயிற்சி வகுப்பு இருக்கும்மா. அன்றைக்கு மட்டும் பிள்ளையை நீயோ மாப்பிள்ளையோ பள்ளியில் விட்டுவிடுங்கள். மத்தியானம் நான் கூப்பிட்டுக்கொள்கிறேன்."

கோயில் பொறுப்பாளரிடம்: "ஐயா, இரண்டு மணி நேரம் நின்று பரிமாற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்து காய் நறுக்கும் வேலை இருந்தால் கொடுங்கள்."

பக்கத்து வீட்டாரிடம்: "அக்கா, இந்த வாரம் எனக்கே மருந்தகத்தில் நாள் இருக்கிறது. அடுத்த வாரம் கண்டிப்பாக வருகிறேன்."

உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பலமுறை அந்த ஓர் இரவுக்குள் அவர்களே வேறு வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணம் கேட்டு வருபவர்களிடம் இன்னும் கவனம் தேவை. மாதச் செலவுக்கும் மருந்துக்கும் உள்ள பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு மருந்தைக் குறைத்துச் சாப்பிடாதீர்கள். உதவும் மனம் உள்ளவர்களைத்தான் மோசடிக்காரர்களும் குறிவைக்கிறார்கள். "என்னைத் தெரியவில்லையா? என் எண் மாறிவிட்டது, அவசரமாகப் பணம் வேண்டும்" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் வைத்துவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணில் அவரை அழைத்துக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்பு உதவித் தொலைபேசி எண் 1799.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

பேரப்பிள்ளை பிறந்தபோது "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அப்போது உங்களுக்கு 62 வயது. இப்போது 68. பிள்ளையும் கனமாகிவிட்டது, ஓடவும் தொடங்கிவிட்டது. முன்பு ஒத்துக்கொண்டதையே அப்படியே செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார்ந்து, எந்த நாள், எத்தனை மணி நேரம், உடம்புக்கு முடியாவிட்டால் யார் என்று பேசுங்கள்.

குழந்தையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து எழுந்திருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குழந்தையை மடியில் ஏறச் சொல்லலாம்.

துணைவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு

பக்கவாதமோ மறதிநோயோ வந்த துணைவரைக் கவனிப்பது மிகக் கடினமான உழைப்பு. அதில் விடுமுறை இல்லை. பாராட்டும் குறைவு.

எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். சட்டைப் பொத்தானை அவரே போடுவதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். நீங்கள் போட்டால் அரை நிமிடம். ஆனால் அவர் போடுவதுதான் அவர் கைக்குப் பயிற்சி. அவராக ஒன்றைச் செய்துமுடிப்பது அவருக்குப் பெருமையும்கூட. அந்தப் பத்து நிமிடம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள். எவற்றை அவரே செய்யலாம், எவற்றுக்குக் கைபிடிக்க வேண்டும் என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சில நேரம் கோபம் வரும். "இது எப்போது முடியும்" என்றுகூடத் தோன்றும். அப்படித் தோன்றியதற்காக நீங்கள் கெட்டவர் ஆகிவிடமாட்டீர்கள். பராமரிப்பவர்கள் பலருக்கும் வரும் எண்ணம் அது. கோபம் தலைக்கேறும்போது அவர் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் முகம் கழுவி, மெதுவாகப் பத்து முறை மூச்சு விடுங்கள். அடிக்கடி இப்படி நேர்ந்தால் உதவி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தற்காலிகப் பராமரிப்புச் சேவைகள் இதற்காகவே இருக்கின்றன. துணைவரைப் பகலில் மூத்தோர் பராமரிப்பு நிலையத்தில் விடலாம். வீட்டுக்கே வந்து சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் சேவையும் உண்டு. நீங்கள் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவோ ஊருக்குப் போகவோ வேண்டியிருந்தால், தாதிமை இல்லத்தில் குறுகிய காலம் தங்கவைக்கலாம். "அவரை இல்லத்தில் தள்ளிவிட்டாள்" என்று யாராவது பேசுவார்களோ என்று பயப்படாதீர்கள். நீங்கள் திரும்பி வந்து அவரை நல்லபடியாகக் கவனிப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

தொண்டூழியம் செய்பவர்களுக்கு

கோயில் திருவிழா, சமூக மன்ற நிகழ்ச்சி, அன்னதானம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகும் பழக்கம் சிலருக்கு உண்டு. பொறுப்பை ஏற்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம்? உட்கார இடம் உண்டா? நான் வரமுடியாத நாளில் யார் செய்வார்?

வெயிலில் நிற்க வேண்டியிருந்தால் தண்ணீர்ப் போத்தலையும் தொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். விரதம் இருக்கும் நாளில் கனமான வேலையை ஏற்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை இளையவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கும் கணக்கு உங்கள் தலையில் மட்டும் இருந்தால், உங்களுக்கு ஓய்வு கிடைக்காது. உங்களுக்குப் பிறகு அந்தக் கணக்கும் காணாமல் போகும்.

உதவியைப் பெறவும் பழகுங்கள்

வாழ்நாள் முழுவதும் கொடுத்தே பழகிய கைக்கு வாங்குவது கடினம். பக்கத்து வீட்டுப் பையன் அரிசி மூட்டையைத் தூக்கி வர முன்வந்தால் "பரவாயில்லை தம்பி, நானே தூக்கிக்கொள்கிறேன்" என்கிறோம். நீங்கள் உதவும்போது கிடைக்கும் நிறைவு அந்தப் பையனுக்கும் கிடைக்கட்டும். நன்றி சொல்லி மூட்டையைக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு: இந்தப் பகுதியை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்

உங்கள் அம்மாவோ அப்பாவோ "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். வாரத்தில் ஒருநாளாவது பிள்ளைகளின் பொறுப்பை நீங்களே முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த நாளில் அவர்கள் வெளியே போனால் "எங்கே, எப்போது வருவீர்கள்" என்று தொலைபேசியில் துரத்தாதீர்கள்.

எங்கே உதவி கிடைக்கும்?

• துடிப்பாக மூப்படையும் நிலையங்கள்: 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்துக்குச் சென்று உடற்பயிற்சியிலும் மற்ற நடவடிக்கைகளிலும் சேரலாம், தொண்டூழியமும் செய்யலாம். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலோ பக்கத்துப் புளோக்கிலோ ஒன்று இருக்கக்கூடும்.
• ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு: தற்காலிகப் பராமரிப்பு, பராமரிப்பாளர் பயிற்சி, மானியங்கள் பற்றிக் கேட்க 1800-650-6060.
• மனநல ஆதரவுக்கான தேசிய உதவித் தொலைபேசி: 1771, நாள் முழுவதும்.
• வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால்: 1767, நாள் முழுவதும்.
• உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம்: 995.

தொலைபேசியில் தயக்கமாக இருந்தால், பிள்ளையையோ நிலையத்து ஊழியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

இந்த வாரம் தொடங்க

1. தள்ளிப்போட்ட ஒரு மருத்துவச் சந்திப்புக்கு மீண்டும் நாள் குறியுங்கள்.
2. நீங்கள் செய்யும் வேலைகளில் ஒன்றை வேறொருவரிடம் கொடுங்கள். அவர் உங்களைப்போல் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.
3. பல நாள்களாகப் பேசாத நண்பர் ஒருவரை அழைத்து, சந்திக்க ஒரு நாளும் இடமும் முடிவுசெய்யுங்கள்.

இந்தக் கையேட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். மூன்றாவதைச் செய்து முடித்த அன்று, உங்கள் வாரத் தாளில் அதைச் சிவப்பு மையால் எழுதுங்கள்.